மூடியில் வைத்த கணவாய்

உப்பு லாரிக்காரர் அந்தச் சேதியைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, பெரியவளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாகிவிட்டது.

சேதி சின்னதுதான். அவள் தம்பி சின்னவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நகரத்தில், நல்ல இடத்தில். “உங்க பக்கம் யார் யார்?” என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, “எனக்கு யாரும் இல்லை” என்று சொன்னானாம். அவன் மாமனாரின் கிடங்கில் உப்பு இறக்கப் போன இடத்தில் லாரிக்காரர் காதில் விழுந்தது இது. அவர் இல்லாததைச் சொல்கிற ஆள் இல்லை. வறுத்த மீனைத் தின்றுகொண்டே, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தாள். மறுநாள் நினைத்தாள். பிறகு, சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் முழங்கால் வலி குறையட்டும். மழை நிற்கட்டும். நீண்ட விடுமுறை முடியட்டும். எல்லாமே நல்ல காரணங்களாகத்தான் தெரிந்தன. அதனாலேயே அவளுக்கு அவற்றின்மேல் சந்தேகம் வந்தது.

இன்று அந்த விடுமுறையின் கடைசி நாள்.

விடிந்ததிலிருந்தே சாலையில் கார்கள் ஓயவில்லை. கடற்கரைக்குப் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்புகிற நாள். எல்லாருக்கும் பசிக்கும். இதற்காகவே நேற்று துறைமுகத்தில் வழக்கத்தைவிட அதிகமாக மீனும் இறாலும் கணவாயும் எடுத்து வைத்திருந்தாள்.

கடை என்பது ஒரு வண்டிதான். ஒரு காலத்தில் ரொட்டி விநியோகித்த வேன். அப்பா அதன் பக்கவாட்டை வெட்டி ஜன்னல் வைத்து, உள்ளே அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் பொருத்தினார். அப்பா காலமான பிறகு பெரியவள் ஜன்னலில் நிற்கிறாள். அம்மாவால் வண்டிக்குள் ஏற முடிவதில்லை. பின்கதவுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட மீன் கூடையின்மேல், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இறால் உரிப்பாள், கணவாய் சுத்தம் செய்வாள். முன்னால் நிற்கிறவர்களுக்கு அம்மா தெரியமாட்டாள். அம்மாவுக்கும் அவர்கள் தெரியமாட்டார்கள். குரல்கள் மட்டும் வண்டிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வண்டி இப்போது பழைய இடத்தில் இல்லை. சின்னவன் வீட்டை விட்டுப் போனபோது அது கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நின்றது, நீல நிறத்தில். அங்கே மணல் அரித்ததால் பிறகு லாரி எடைமேடையைத் தாண்டி, சாலை வளைவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் அடித்து, பக்கவாட்டில் போன் நம்பரைப் பெரிதாக எழுதியிருந்தாள். சின்னவனுக்கு இது எதுவும் தெரியாது.

மத்தியானம் கூட்டம் நெரித்தது.

இந்தக் கடையில் டோக்கன் கிடையாது. யாரிடமும் பெயர் கேட்பதும் கிடையாது. வந்தவர்களுக்கு அவளே ஒரு பெயர் வைத்து, சாப்பாடு தயாரானதும் அந்தப் பெயரால் கூப்பிடுவாள். “கூரையில சைக்கிள்” என்றால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே எழுந்து வரும். “மூணு தொப்பி” என்றால் மூன்று கல்லூரிப் பையன்கள். “தூங்குற பாப்பா” என்றதும் ஒருவர் பதறிப்போய், மெதுவாகக் கூப்பிடும்படி சைகை காட்டினார். கால் மணி நேரம் அந்தப் பெயர் அவர்களுடையது. பிறகு கார் கதவு சாத்தப்படும், போய்விடுவார்கள். பெயர் மட்டும் அவளிடம் மிஞ்சும்.

அது சின்னவன் கண்டுபிடித்த விளையாட்டு. பதிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட. ஒரு நாளைக்கு எத்தனை பேர் அப்படிக் கூப்பிடுவார்களோ. அந்த வார்த்தைக்கு உரிமை உள்ளவன் ஒருத்தன்தான், அவன் குரலை மட்டும் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

வெள்ளைக் கார் ஒன்று சரளைக் கல்லில் ஏறி நின்றது. முன்கதவு இரண்டும் திறந்தன, பின்கதவு இரண்டும் திறந்தன. ஒரு கதவை மட்டும் கையால் சாத்தாமல் இடுப்பால் இடித்துச் சாத்தினார்கள்.

இரண்டு கையிலும் மீன் கூடை தூக்கிப் பழகியவன்தான் அப்படிச் சாத்துவான்.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவன்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. அவன் வண்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு, காரின் பின்சக்கரத்தில் என்னவோ குறை இருப்பதைப்போல் அதன் அருகே குனிந்துகொண்டான்.

அவள் சட்டென்று பின்பக்கம் திரும்பினாள். பின்கதவு திறந்தே கிடந்தது. அம்மாவின் முதுகு அசைந்துகொண்டிருந்தது.

அவனுடைய மாமனார் நல்ல உயரம், நல்ல குரல். வாசனைதான் காரை நிறுத்தச் சொல்லிவிட்டது என்றார். கலங்கரை விளக்கம் பக்கம் சாப்பிடலாம் என்று சொன்னதற்கு அங்கே ஒன்றும் நன்றாக இருக்காது என்று மாப்பிள்ளை தடுத்துவிட்டாராம். இங்கே மட்டும் அவர் வாயைத் திறப்பதற்குள் தானே திருப்பிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். மாமியார் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எண்ணெய் புதுசா என்று கேட்டார். காலையில் மாற்றியது என்று பெரியவள் சொன்னாள். தன் குரல் வழக்கம்போல இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாமனார் மீனும் இறாலும் சொன்னார். அப்போது அவர்களோடு காரில் வந்த இளம்பெண் ஜன்னலுக்கு வந்தாள். ஒல்லியாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இவள்தான் என்று பெரியவளுக்குப் புரிந்தது. தம்பி மனைவியை முதல்முறை பார்க்கிற நாளில் கையில் இருப்பது எண்ணெய்க் கரண்டி.

“அக்கா, கணவாய்ல வளையம் வேண்டாம். கால் மட்டும் கிடைக்குமா? இவர் அதைத்தான் சாப்பிடுவார்.”

கணவாய்க் கால் கேட்டு இந்த ஜன்னலுக்கு யாரும் வந்ததில்லை. வருகிறவர்களுக்கு வளையம்தான் வேண்டும்; காலைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் அம்மா தினமும் கால்களைக் கழுவித் தனிக் கிண்ணத்தில் வைப்பாள், ஒருவேளை சின்னவன் வந்தால் என்று. வரமாட்டான். சாயங்காலம் அவற்றைப் பெரியவள் தின்று தீர்ப்பாள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

“இருக்கும்மா” என்றாள். பிறகு பின்கதவுப் பக்கம் கையை நீட்டி, அம்மாவைப் பார்க்காமல், கால் கிண்ணத்தைக் கேட்டாள்.

அம்மாவின் கைகள் நின்றன. யாருக்கு என்று கேட்டாள்.

“வழியில போறவங்க.”

கிண்ணம் உடனே வரவில்லை. பெரியவளின் கை நீட்டியபடியே இருந்தது. அம்மா எழுந்து சுற்றி வந்தால் எட்டடி தூரம்கூட இருக்காது. அவன் அம்மாவின் முகத்துக்கு நேரே, “இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டால்? அதை அம்மா தாங்குவாளா என்பது ஒரு பக்கம். தன்னால் தாங்க முடியாது என்பது நிச்சயம்.

கிண்ணம் கைக்கு வந்தது. “நல்லா முறுக விடு” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு பெரியவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. எண்ணெய் கொதித்தது, ஜன்னலில் இன்னும் நாலு பேர் நின்றார்கள், கை தன்பாட்டுக்கு ஓடியது. மீனை அட்டைப் பெட்டியில் வைத்தாள். இறாலை அட்டைப் பெட்டியில் வைத்தாள். கணவாய்க் கால்களை மொறுமொறுவென்று அள்ளி, இறால் சட்டியின் மூடியை மல்லாத்தி, அதில் குவித்தாள். எலுமிச்சை வைக்கவில்லை. வெங்காயம் தூவவில்லை. ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். “வெள்ளை வண்டி” என்று கூப்பிட்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள்.

அப்பா இருந்த காலத்துச் சட்டம் அது. பெட்டி வர்றவங்களுக்கு, மூடி நமக்கு. வண்டியில் தட்டு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவும் தம்பியும் அந்த மூடியை நடுவில் வைத்துக்கொண்டு, யார் பக்கம் அதிகம் என்று சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள்.

மூடி ஜன்னலைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமியாரின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது போலிருக்கிறது. “அதென்ன, நமக்கெல்லாம் அட்டைப் பெட்டி, மாப்பிள்ளைக்கு மட்டும் பாத்திர மூடி?” என்றார். மாப்பிள்ளை போகிற இடமெல்லாம் தனிக் கவனிப்புதான் என்றார் மாமனார். மாமியார் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்து, “உங்களுக்கு இவரைத் தெரியுமா?” என்று கேட்டார்.

பெரியவளின் முழங்கைக்குப் பக்கத்திலேயே பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன; பெட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை.

சின்னவன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். அவன் கண்ணில் இருந்தது பயமா, கெஞ்சலா, அல்லது வேறு எதுவோ, அவளால் சரியாகப் படிக்க முடியவில்லை. அவனே சொல்லட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அவன் மூடியைப் பார்த்தான்.

“கால் எண்ணெய் குடிக்கும்மா. அட்டை ஊறிப்போயிடும். அதான் மூடி” என்றாள்.

மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வந்ததை நினைத்துப் பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. தம்பி தன்னை இல்லையென்று சொன்னது லாரிக்காரர் மூலமாக வந்த சேதி. தான் தம்பியை இல்லையென்று சொன்னது இதோ, தன் வாயாலேயே.

அவன் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். மூடியை லேசாகச் சாய்த்து எண்ணெயை ஒரு பக்கம் வடிய விட்டான். ஒவ்வொரு காலாக உப்பில் தொட்டான். தடித்த காலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். மற்றவர்களுக்கு மீன் போட்டுக்கொண்டே அவள் இதையெல்லாம் பார்த்தாள். அவள் பார்ப்பதை அந்தப் பெண் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்து மாமனாரும் மாமியாரும் காரில் ஏறினார்கள். அந்தப் பெண் மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். ஆனால் அதை உள்ளே வைக்கவில்லை.

“அக்கா, இது எதோட மூடி?”

“இறால் சட்டியோடது.”

“எங்க வீட்டுல கல்யாணத்துக்கு வந்த தட்டு அடுக்கடுக்கா இருக்கு. இவர் ஒண்ணுலயும் சாப்பிட மாட்டார். ஏதாவது சட்டி மூடியை மல்லாத்தி வச்சு அதுலதான் சாப்பிடுவார். கேட்டா பழக்கம்னு சொல்வார். எங்க அம்மா கண்ணுல பட்டா வம்புன்னு அறைக்குள்ள வச்சுத்தான் சாப்பாடு.” அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். “யாருக்கும் இல்லாத பழக்கமா இருக்கேன்னு நினைச்சுக்குவேன். நீங்க யாரு அக்கா?”

எண்ணெய்ச் சட்டியில் ஒரு துண்டு கருகிக்கொண்டிருந்தது. பெரியவள் அதை எடுக்கவில்லை.

சின்னவன் வந்து அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றான். வா, மாமா வண்டியை எடுத்துவிட்டார் என்றான். குரல் மாறவே இல்லை. அது தனக்குச் சொன்னதில்லை என்று தெரிந்தும் பெரியவள் அதைக் காது நிறைய வாங்கிக்கொண்டாள்.

“அதை நான் சொல்றது முறையில்லம்மா. சொல்ல வேண்டியவர் உன் பின்னாலதான் நிக்கிறார்.”

அந்தப் பெண் திரும்பினாள். அவன் சரளைக் கல்லைக் காலால் தள்ளினான். பிறகு ஜன்னலைப் பார்த்து, “நல்லா இருந்துச்சு” என்றான். நாள் முழுக்க வழிப்போக்கர்கள் சொல்லிவிட்டுப் போகிற அதே வார்த்தை. சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

அந்தப் பெண் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “எச்சில் மூடியை அப்படியே எப்படித் தர்றது? கழுவிக் கொண்டு வந்து தர்றேன்.”

கை கழுவும் குழாய் வண்டியின் பக்கத்திலேயே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கார் கிளம்பி வளைவில் மறைந்தது.

கூட்டம் வடிய நேரமானது. கடைசி ஆள் போன பிறகு பெரியவள் பின்பக்கம் இறங்கினாள். என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். முதலில் இது, பிறகு அது என்று. ஆனால் அம்மாவின் பாத்திரங்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

உரித்த இறால் இருக்க வேண்டிய ஐஸ் பாத்திரத்தில் ஓடுகள் கிடந்தன. ஓடு போடுகிற குப்பை வாளியில் இறால் குவிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டும் இறால் உரிக்கிறவள் அம்மா. கைகள் இன்னும் உரித்துக்கொண்டிருந்தன, இன்னும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தன.

“பொண்ணு குரல் நல்லா இருக்கு” என்றாள் அம்மா.

பெரியவள் மண்டியிட்டு, வாளியிலிருந்து இறாலைப் பொறுக்க ஆரம்பித்தாள். நீ எழுந்து வந்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டாள்.

“வந்து? கால் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. அவனா இந்தப் பக்கம் வருவானான்னு பார்த்தேன். வரல. வராதவன் முன்னால போய் நின்னா யாரோன்னு சொல்லிருப்பான். அதைக் கேட்கவா முழங்காலைத் தூக்கிக்கிட்டுப் போகணும்?”

கடற்காற்று ஓடுகளைச் சலசலக்க வைத்தது.

“கல்யாணம் ஆனது உனக்கு எப்பத் தெரியும்?”

பெரியவள் பொறுக்குவதை நிறுத்தினாள்.

“உப்பு லாரி வந்த அன்னிக்கா?”

“ஆமாம்மா.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டவில்லை, அழவில்லை. “அவன் நம்மளை மறைச்சது வெளியாளுங்ககிட்ட. நீ அவனை மறைச்சது என்கிட்டடி” என்றாள். அதோடு சரி. பிறகு தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஐஸ் போடச் சொன்னாள், கத்தியைக் கேட்டாள். வேலைக்கு எத்தனை வார்த்தை வேண்டுமோ அத்தனைதான். உன் மனசு நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று சொல்லப் பெரியவளுக்கு ஆசை. ஆனால் அது முழு உண்மைதானா என்ற சந்தேகத்தில் அதையும் விழுங்கிக்கொண்டாள்.

இறால் சட்டியை மூட எதுவும் இல்லை. அம்மா அதன்மேல் வெட்டுப் பலகையை வைத்தாள்.

பொழுது சாயும்போது மிஞ்சிய மீனை வறுத்து, அம்மாவுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். தனக்கு எதில் வைத்துக்கொள்வது என்று வண்டிக்குள் சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் அடுக்கிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் பெட்டியில் சாப்பிட்டதில்லை. அதை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், சின்னவன் உட்கார்ந்திருந்த கோடியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் காலியாக இருந்தது. கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. யாராவது இப்போது வந்தால் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

வண்டியின் பின்பக்கம், ஆணியில் மாட்டியிருந்த போன் அடித்தது.

இந்த நேரத்தில் அது அடிக்காது. அடித்தாலும் அம்மா எடுக்கமாட்டாள்; போன் என்றால் பெரியவள்தான் ஓட வேண்டும். எழுந்திருப்பதற்குள் மணி நின்றது.

“மூடி கொண்டுபோன பொண்ணா? சொல்லும்மா” என்ற அம்மாவின் குரல், வண்டிக்குள் புகுந்து ஜன்னல் வழியாக அவளிடம் வந்தது.

பிறகு “ம்... ம்...” என்றாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். “இங்க ஒருத்தரும் இல்ல, நீ சொல்லு” என்றாள். அதன் பிறகு பின்கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம்.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மூடியாக இருந்தால் கழுவி வைக்கலாம். கையிலிருந்த பெட்டியைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.